முந்திரியை முறைப்படுத்திய எண்

வெண்குன்ற நாட்டு அரசர் செண்பகமாறனுக்கு ஆறு அமைச்சர்கள். அறிவுக்குக் குறைவில்லை, ஆனால் சர்க்கரைப் பொங்கலைக் கண்டால் ஆறு பேரும் சின்னப் பிள்ளைகள். அவை கூடுமுன் பொங்கல் பரிமாறுவது அரண்மனை வழக்கம். சமையற்காரர் முந்திரியை நெய்யில் வறுத்துப் பானையின் மேலே கொட்டுவார். முதல் கரண்டியோடு முந்திரி தீர்ந்துவிடும். பிறகு முதல் கரண்டிக்கு அடிதடி நடக்காமல் என்ன செய்யும்?

அரசர் முறை வைத்துப் பார்த்தார். யார் முறை வகுத்தாலும் அவர் லஞ்சம் வாங்கிவிட்டார் என்று கூச்சல். பொறுமையிழந்த அரசர் அவை விகடர் அம்பலக்கூத்தரை அழைத்தார். யாரும் வகுக்காத முறை வேண்டும், எல்லோரும் முதலாவதாக வர வேண்டும், முடியாவிட்டால் நாளையே மூட்டை கட்டு என்றார்.

மறுநாள் கூத்தர் ஆறு மணைகளில் சுண்ணாம்பால் 1, 4, 2, 8, 5, 7 என்று எழுதி, பிடித்ததில் உட்காரச் சொன்னார். பெரிய எண்தான் பெரிய கௌரவம் என்று படை அமைச்சர் மழவராயர் மற்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு எட்டில் உட்கார்ந்தார். தள்ளுமுள்ளுக்குப் போகாத வயதான அமைச்சருக்கு ஒன்று மிஞ்சியது.

"இன்றைய எண் 142857. இந்த வரிசையில் பரிமாறுங்கள்," என்றார் கூத்தர்.

முந்திரி மொத்தமும் ஒன்றாம் மணைக்குப் போயிற்று. மழவராயர் முகம் தொங்கிவிட்டது.

கூத்தர் தொடர்ந்தார்: "நாளை இதை இரண்டால் பெருக்குங்கள், 285714. அடுத்த நாள் மூன்றால், 428571. வருவதெல்லாம் அதே ஆறு இலக்கங்கள்தான், முன்னால் நிற்பது மட்டும் மாறும். ஆறால் பெருக்கி முடிப்பதற்குள் ஆறு பேருக்கும் முந்திரி கிடைத்துவிடும். இந்த எண்ணுக்கு யாரும் லஞ்சம் கொடுக்க முடியாது."

அமைச்சர்கள் பெருக்கிப் பார்த்து அடங்கினார்கள். கணக்குப்படி மழவராயரின் முறை கடைசி நாளில்தான் வரும். தானே இடித்துப் பிடித்த இடம், யாரைக் குறை சொல்வார்?

அரசருக்கு ஒரு சந்தேகம். "ஏழாம் நாள்?"

அரண்மனைக் கணக்கர் ஏழால் பெருக்கினார். நம்பாமல் மறுபடியும் பெருக்கினார். "999999, அரசே."

"ஒன்பதாம் மணையே இல்லையே?"

"இல்லைதான், அரசே," என்றார் கூத்தர் பணிவாக. "அன்று இவர்கள் யாருக்கும் பொங்கல் கிடையாது. பானை முழுக்க நமக்குத்தான்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கூத்தருக்கு முத்துமாலை போட்டார். பிறகு முரசு அறைபவனைக் கூப்பிட்டு, நாளைக்கே ஏழாம் நாள் என்று ஊரெங்கும் அறிவிக்கச் சொன்னார்.