மேலாளர் கற்றுக்கொடுத்த இயந்திரம்

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் ஆலைக்கு மடிப்பு இயந்திரம் வந்தது. மேலாளர் சங்கரபாண்டியன் ஒரு மாதம் பேசியும், வேலை போய்விடுமோ என்று பயந்த பெண்கள் அதைத் தொடவில்லை. கூட்டிப் பெருக்கும் முப்பிடாதி, இயந்திரத்தைப் பொருத்த வந்தவர்களிடம் கேட்டுப் பழகி, ஒரே வாரத்தில் எல்லோரையும் ஓட்டவைத்துவிட்டாள்.

பெண்கள் எதற்கெடுத்தாலும் "முப்பிடாதியக்கா" என்று கூப்பிட, மேலாளருக்கு வயிறு எரிந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நாளைக்கு முதலாளி வர்றார். நான்தான் கத்துக்கொடுத்தேன்னு நீயே சொல்லணும். இல்லேன்னா வேலைக்கு வராதே."

மறுநாள் அவள் பணிவாகச் சொன்னாள்: "எல்லாம் சார் கத்துக்கொடுத்ததுதான் முதலாளி. சார், ஒருதடவை ஓட்டிக் காட்டுங்களேன், முதலாளியும் பாக்கட்டும்."

சங்கரபாண்டியன் இயந்திரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். சுவிட்ச் அகப்படவில்லை.

முதலாளி அவளைப் பார்த்தார். "ஏம்மா, திங்கக்கிழமையிலேர்ந்து இவருக்கும் கத்துக்கொடுப்பீங்களா?"