கரடி வாங்கிய பூட்டிய பெட்டி

ஒரு காட்டில், மலைக்கோயிலுக்குப் போகும் படிக்கட்டுப் பாதையின் ஓரத்தில், கம்பளி என்ற கரடி வாழ்ந்துவந்தது. அதற்கு நல்ல குகை இருந்தது. வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்தது. ஆனாலும் கம்பளிக்கு மனதில் ஒரு குறை. என்ன குறை என்று நீங்கள் கேட்டிருந்தால் அதற்கே சொல்லத் தெரிந்திருக்காது. "ஏதோ ஒன்று குறைகிறது" என்று மட்டும் சொல்லும்.

அதே காட்டில் துடுக்கன் என்றொரு குரங்கும் இருந்தது. துடுக்கனுக்குத் தேன் என்றால் உயிர்; தேனீ என்றால் நடுக்கம். படியேறி வரும் மனிதர்களிடம் எதையாவது பிடுங்கிக்கொண்டு ஓடுவதுதான் அதன் வேலை.

ஒரு நாள் துடுக்கன் ஒரு சிவப்புத் தொப்பியோடு குகை வாசலுக்கு வந்தது.

"கரடியாரே, ஏன் முகம் வாடியிருக்கிறது?"

"ஏதோ ஒன்று குறைகிறது."

"தலையைப் பார்த்தாலே தெரிகிறதே! உமக்குக் குறைவது தொப்பிதான். இதைப் போட்டிருந்தவர் சிரித்துக்கொண்டே படியேறியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு தேனடை கொடும், தொப்பி உமக்கு."

தான் பிடுங்கிய பிறகு அவர் சிரிக்கவில்லை என்பதைத் துடுக்கன் சொல்லவில்லை.

கம்பளி மரமேறியது. மூக்கில் நாலு கொட்டு வாங்கிக்கொண்டு தேனடையோடு இறங்கியது. தொப்பியைப் போட்டுக்கொண்டு அன்று முழுவதும் காட்டைச் சுற்றி வந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் எழுந்தபோது தொப்பி தலையில் இருந்தது, மகிழ்ச்சியைக் காணவில்லை.

"தொப்பி மட்டும் போட்டால் எப்படி? குடை வேண்டாமா?" என்றது துடுக்கன்.

குடை வந்தது. அதற்கு இரண்டு தேனடை. பிறகு ஒரு வெண்கல மணி. அதற்குப் பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடிக்குள் மூக்கு வீங்கிய ஒரு கரடி தெரிந்தது. 'இதற்கும் ஏதோ குறைகிறது போலிருக்கிறது' என்று கம்பளி இரக்கப்பட்டது.

பக்கத்துப் பொந்தில் ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்வது அதன் குணம். அது ஒரு நாள் கம்பளியைக் கூப்பிட வந்தது.

"தம்பி, இலுப்பைப் பூ கொட்டத் தொடங்கிவிட்டது. விடியற்காலையில் வா, பொறுக்கித் தின்னலாம்."

"நேரமில்லை, அக்கா. நான் போய்விட்டால் குடையை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

"குடை எங்கே போகப்போகிறது?"

"நரி நேற்று இந்தப் பக்கமாக நடந்தது. நடந்த விதமே சரியில்லை."

"சரி, நீ குடைக்குத் துணையாக இரு" என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி தனியாகப் போனது.

நாளாக ஆக, குகைக்குள் சாமான்கள் சேர்ந்துவிட்டன. கம்பளிக்குக் கால் நீட்ட இடமில்லை. புரண்டு படுத்தால் மணி அடித்தது. மணி அடித்தால் நரி வந்துவிட்டதோ என்று எழுந்து உட்கார்ந்தது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, தொளதொளவென்று தோல் தொங்கத் தொடங்கியது.

அப்போதுதான் துடுக்கன் ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. பெட்டியில் பெரிய பூட்டு தொங்கியது.

"கரடியாரே, இதுவரை நான் கொடுத்ததெல்லாம் துண்டு துண்டான மகிழ்ச்சி. இதில்தான் முழுசாக இருக்கிறது. அதனால்தான் பூட்டியிருக்கிறார்கள்."

கம்பளி பெட்டியை முகர்ந்தது. தூக்கிக் குலுக்கியது.

"உள்ளே ஒன்றும் ஆடவில்லையே?"

"நெருக்கி அடைத்திருந்தால் எப்படி ஆடும்?"

"எத்தனை தேனடை?"

"தேன் எனக்குத் திகட்டிவிட்டது. உமது குகையைக் கொடும், சாமான்களோடு."

கம்பளி யோசித்தது. முழு மகிழ்ச்சி கிடைத்த பிறகு குகை எதற்கு என்று அதற்குத் தோன்றியது. கொடுத்துவிட்டது.

மூன்று நாள் கல்லால் தட்டிய பிறகு பூட்டு உடைந்தது. கம்பளி ஆவலோடு மூடியைத் திறந்தது. உள்ளே பாச்சை உருண்டையின் வாசனை இருந்தது. வேறு எதுவும் இல்லை.

கம்பளி அங்கேயே உட்கார்ந்து அழுதது. சத்தம் கேட்டு முள்ளம்பன்றி வந்தது. அதுவும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

"காலிதான்" என்றது.

"குகையும் போய்விட்டது, அக்கா. நான் ஒரு முட்டாள், இல்லையா?"

"ஆமாம். சாப்பிட்டாயா?"

"மூன்று நாளாக இல்லை."

"அப்படியானால் முதலில் வா."

மறுநாள் விடியும்போது இரண்டும் இலுப்பை மரத்தடியில் நின்றன. தரை தெரியாமல் பூக்கள் கொட்டிக் கிடந்தன. கம்பளி வயிறு முட்டத் தின்றது. பிறகு மல்லாந்து படுத்துக் கால் கைகளை நன்றாக நீட்டியது. காவல் காக்க ஒன்றும் இல்லை. காற்று வீசியது, தொந்தியின்மேல் பூக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கம்பளி சிரித்தது.

"ஏன் சிரிக்கிறாய்?"

"சும்மாதான், அக்கா."

"ஏதாவது குறைகிறதா?"

கம்பளி தனக்குள் தேடிப் பார்த்தது. நெடுநேரம் தேடியும் அந்தக் குறை அகப்படவில்லை. "ஒரு பூ காதுக்குள் போய்விட்டது. வேறொன்றும் இல்லை" என்றது.

துடுக்கனுக்கோ குகை வாழ்க்கை ஒத்துவரவில்லை. மரத்துக்குப் போனால் குடையை நரி எடுத்துவிடுமோ என்று பயந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. தினமும் காலையில், தொந்தியை ஆட்டிக்கொண்டு பாட்டை முணுமுணுத்தபடி போகும் கம்பளி அதன் கண்ணில் பட்டது. ஐந்தாம் நாள் அதற்குப் பொறுக்கவில்லை.

"கரடியாரே, பெட்டியைத் திறந்தீரா?"

"திறந்தேன்."

"உள்ளே என்ன இருந்தது?"

"ஒன்றும் இல்லை."

துடுக்கன் கம்பளியை ஏற இறங்கப் பார்த்தது. 'குகை இல்லை, குடை இல்லை. ஆனாலும் பாட்டுப் பாடுகிறது. ஏதோ பெரிதாகக் கிடைத்திருக்கிறது. மறைக்கிறது' என்று எண்ணியது.

"பெட்டியைத் திருப்பிக் கொடும். குகையையும் சாமான்களையும் நீரே வைத்துக்கொள்ளும்."

"அது காலிப் பெட்டி, துடுக்கா. பார்த்துவிட்டு முடிவு செய்."

"நானும் பார்த்தேன், காலிதான்" என்றது கூட வந்த முள்ளம்பன்றி.

"நீங்கள் இருவரும் கூட்டு!" என்று சொல்லிவிட்டுத் துடுக்கன், முள்ளம்பன்றியின் பொந்தருகே கிடந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் தாவியது.

கம்பளி தொப்பி, குடை, மணி, கண்ணாடி எல்லாவற்றையும் கோயில் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தது. குகையில் கால் நீட்டிப் படுத்து நன்றாகத் தூங்கியது.

மறுநாள் இலுப்பை மரத்தடிக்குப் போனபோது, மேலே டப் டப்பென்று சத்தம் கேட்டது. துடுக்கன் கிளையில் உட்கார்ந்து பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

"துடுக்கா, பூ நிறையக் கிடக்கிறது. இறங்கி வா, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டது கம்பளி.

"கொஞ்சம் பொறும். நான் இதுவரை வேகமாகத் திறந்துவிட்டேன். மெதுவாகத் திறக்க வேண்டும் போலிருக்கிறது" என்றது துடுக்கன்.

நீதி: மனம் நிறையாதவருக்குக் குகை நிறையப் பொருள் கிடைத்தாலும் மகிழ்ச்சி வராது.