வேண்டாம் என்ற பிறகு

முதலில் கேட்டது மூச்சு. கதவைத் திறக்கும் முன்பே, ஈரத்துணியைக் கிழிப்பதுபோல இழுத்து இழுத்து. சோணாசல சாமியின் தொண்டையில் போட்டிருந்த குழாய்வழியே அது வந்துகொண்டிருந்தது.

தணிகாசலம் உள்ளே போய், சாமியின் மூக்குக்குழாயில் ஊற்றக் கஞ்சியை வடிகட்ட உட்கார்ந்தார். அவர் புற்றுநோய் மருத்துவர். சாமிக்கு நெடுநாள் சீடர். அந்த மடத்தில் விடியலில் சாமிக்கு வெற்றிலையும் புகையிலையும் மடித்துக் கொடுப்பது பெரிய பாக்கியம். அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஊருக்கெல்லாம் புகையிலையை விடச் சொல்கிற டாக்டர்தான். ஆனாலும் சாமியை எதுவும் தீண்டாது என்று நம்பினார். கன்னத்தில் தொடங்கிய புற்று இப்போது தொண்டைவரை இறங்கிவிட்டது.

கட்டிக்குப் போட்ட ஊசி என்ன ஆச்சு என்று சாமி சைகையில் கேட்டார்.

தணிகாசலம் சொல்லிப் பார்த்தார். செல்லின் மேலே ஒரு புரதம் இருக்கிறது. 'வளர்' என்று வெளியிலிருந்து சேதி வந்தால் உள்ளே கொண்டுபோய்ச் சொல்லும். வாய்ப்புண் ஆறுவதற்கே அது வேண்டும். இந்த நோயில் சேதி வராமலே சொல்லிக்கொண்டிருக்கும். ஊசி அதை மறித்தது, கட்டியும் கொஞ்சநாள் சுருங்கியது. இப்போது உள்ளே இருக்கிற மற்றப் புரதங்கள் அதன் சொல்லுக்குக் காத்திராமலே வேலையைத் தொடர்கின்றன.

இனி மருந்தில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அது சாமிக்குப் புரிந்துவிட்டது.

"ஒண்ணுதான் விளங்கலே சாமி. நிறுத்துன்னு சொன்ன பிறகும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

சாமி குழாய் வாயை விரலால் அடைத்தார். அடைத்தால்தான் குரல் வரும். குரல் வந்தால் மூச்சு முட்டும்.

"டாக்டரு கேக்குறாரு பாரு." கண்ணில் பழைய கேலி.

விரலை எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அடைத்தார்.

"முதல்ல நான் கை நீட்டுவேன். நீ மடிச்சுக் கொடுப்பே."

"ஆமா சாமி."

"அப்புறம் நீட்டாமலே கொடுத்தே."

தணிகாசலம் தலையாட்டினார்.

"வாயில புண்ணு வந்தப்ப வேண்டாம்னேன்."

"சொன்னீங்க."

"என்ன பண்ணினே?"

மறக்கவில்லை. சாமி நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மறுநாளும் மடித்துத் தட்டில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் தட்டு காலியாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லா நாளும் வைத்தார்.

"நான் கெட்டது நினைச்சு வைக்கலையே, சாமி."

சாமி விரலை எடுக்கவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இந்தக் கட்டியும் நினைக்கலேப்பா."

கஞ்சி ஆறி ஏடு கட்டியிருந்தது. தணிகாசலம் அதை ஒதுக்கிவிட்டு, மீண்டும் வடிகட்டத் தொடங்கினார்.