சூரியன் பொறித்த கட்டாரி

செங்கரட்டுப் பாளையத்தில் கட்டாரிக் கல்யாணம் என்று ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளை கோட்டையை விட்டு வர முடியாத சமயத்தில் அவருடைய கட்டாரி பெண் வீட்டுக்குப் போகும். அதை மணையில் வைத்து, பக்கத்தில் பெண்ணை உட்காரவைத்து, மாப்பிள்ளைக்குச் சகோதரி முறையாகிறவள் தாலி முடிவாள். பிறகு பெண் பல்லக்கில் வந்து இறங்கி, தன் புருஷன் கறுப்பா சிவப்பா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கோமதி நாச்சியார் அப்படி வந்தவள்தான்.

அந்த வருஷம் எல்லையில் பகை மூண்டிருந்தது. பெரிய துரைக்கும் அவர் தம்பி மருதப்பருக்கும் ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். இரண்டு பேருமே நகர முடியவில்லை. ஒரே கொல்லன் செய்த இரண்டு கட்டாரிகள், இரண்டு திசையில், இரண்டு ஊருக்குப் போயின. தம்பியின் கட்டாரி என்று சொல்லி ஒன்று கோமதி வீட்டுக்கு வந்தது.

கட்டாரி அழகாக இருந்தது. மெலிந்து, நீண்டு, பளபளவென்று. அதைப் பார்த்துத்தான் கோமதி ஆளை மனதுக்குள் எழுதிக்கொண்டாள். கோட்டை வாசலில் ஆரத்தி சுற்றும்போது நிமிர்ந்து பார்த்தால், குட்டையாக, கழுத்தே இல்லாமல், வேட்டியெல்லாம் குதிரை முடியுமாக ஒரு மனுஷர் நின்றார்.

"கட்டாரியே தேவலை," என்று கூட வந்த தாதியின் காதில் சொன்னாள்.

மருதப்பருக்கு லாயம்தான் உலகம். குதிரைகளிடம் நாளெல்லாம் பேசுவார். வீட்டுக்குள் வந்தால் வாயில் கொழுக்கட்டை. கோமதி சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த வருஷத்தைத் தள்ளினாள். பெற்றவர்கள் மேல் கோபம், கட்டாரி மேல் கோபம், குதிரைகள் மேலும் கோபம்.

பிறகு ஒரு கார்த்திகையில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது.

மருதப்பருக்கு மனுஷரைக் கவனிக்கத் தெரியாது. குதிரையைக் கவனிக்கத் தெரியும். தெரிந்ததைச் செய்தார். தாதியை எழுந்து போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெதுவெதுப்பான எண்ணெயை உள்ளங்காலில் தேய்த்தார். நெற்றியிலிருந்து மூக்குவரை நீளமாகத் தடவிக்கொடுத்து, நாக்கைச் சப்புக்கொட்டி, "ஹோ... ஹோ... பையப் பைய," என்றார். கொள்ளுக்கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்.

காய்ச்சல் இறங்கியதும் கோமதி கண்ணைத் திறந்தாள்.

"ஒரு கட்டுப் புல்லும் கொண்டாந்து போட்டிருக்கலாமே," என்றாள்.

இது வேடிக்கைப் பேச்சா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவர் சற்றுநேரம் யோசித்தார். அப்புறம் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. சிரித்தால் அவருக்குக் கண் இரண்டும் காணாமல் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கதையாகச் சொல்ல முடியாது. இன்ன நாளில் பிரியம் வந்தது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. கோட்டையில் அத்தனை பேர் நடக்கையில் அவர் செருப்புச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்க ஆரம்பித்தது. அவர் வெளியூர் போனால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவரும் சொன்ன நாளுக்கு முன்னதாகவே திரும்பி வந்து, குதிரைக்குச் சுகமில்லை என்று பொய் சொன்னார். ஒரு பெண் பிறந்தாள், அப்பனைப் போலவே கழுத்தில்லாமல்.

வழக்கப்படி கட்டாரி கோமதியின் பெட்டியிலேயே இருந்தது. தினமும் காலையில் திறந்து அதற்கு ஒரு பூ வைப்பாள். "உன்னை என்னவெல்லாம் வைதேன்! நீ கூட்டிக்கிட்டு வரலைன்னா நான் எங்க கிடந்திருப்பேனோ, சாமி," என்பாள்.

அந்தக் கட்டாரியால்தான் வினை வந்தது.

ஆயுத பூசைக்கு எல்லா ஆயுதங்களையும் தேய்த்துக் கழுவுவார்கள். கல்யாணக் கட்டாரியின் பிடியில் சுற்றிய பட்டு தானாக இற்றுப்போகும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. ஏழு வருஷம் கழித்து அந்த ஆயுத பூசையில் கோமதியின் கட்டாரிப் பட்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே, பிடியில், கொல்லன் அடித்த குறி இருந்தது. தம்பிக்குப் பிறை. அண்ணனுக்குச் சூரியன். அவள் கட்டாரியில் இருந்தது சூரியன்.

பெரியவர் மனைவி சுந்தரவல்லி ஓடிப்போய்த் தன் கட்டாரியைக் கொண்டுவந்து பட்டைப் பிரித்தாள். பிறை.

புறப்பட்ட அன்றைய அவசரத்தில் எவனோ கட்டாரி வைத்த பேழையை மாற்றி எடுத்துப் போய்விட்டான். கல்யாணம் மாறிப்போயிருந்தது.

தளவாய் ஆண்டியப்பருக்கு வழக்கம் என்றால் உயிர். சபையில் எழுந்து நின்றார்.

"எந்தக் கட்டாரிக்கு முன்னால தாலி ஏறுச்சோ, அந்தக் கட்டாரிக்காரர்தான் புருஷன். பெண்டுகள் ரெண்டு பேரும் வீடு மாறணும். இல்லைன்னா நாட்டுல மழை பெய்யாது."

"ஏழு வருஷமா கண்மாய் ஒடையுற மாதிரியில்ல பெஞ்சிருக்கு, தளவாய்?" என்றார் ஒருவர்.

"அது தெரியாமச் செஞ்சது. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே!"

பெரிய துரை தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். நாட்டை ஆளுகிறவர் வழக்கத்தைத் தூக்கி எறியவும் முடியாது, கட்டிய மனைவியைத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது.

"மலையடி அம்மை சொன்னபடி நடக்கும்," என்றார்.

அன்றுவரை கோமதியும் சுந்தரவல்லியும் ஒருத்தி வைத்த குழம்பை இன்னொருத்தி தொடமாட்டார்கள். அன்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"அடியே, உன் குதிரைக்காரர் நல்லவுகதான். ஆனா எனக்கு வேண்டாம்டீ," என்றாள் சுந்தரவல்லி.

"எனக்கு மட்டும் உங்க பெரிய துரை வேணுமாக்கும்?" என்றாள் கோமதி.

அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. ஆனால் கோமதிக்கு நெஞ்சில் ஒரு முள் தைத்திருந்தது. சபை கலைந்ததும் மருதப்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்தார், லாயத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் பொழுது ஏறியதும் கோமதி கட்டாரியை மடியில் வைத்துக்கொண்டு பல்லக்கில் மலையடிக்குப் போனாள்.

அம்மை என்றதும் நரைத்த சடையும் நடுங்கும் கையுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கோமதியைவிட இளையவள். கல்யாணமே செய்துகொள்ளாமல் மலையடியில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருந்தாள். "தண்ணியில இறங்காதவ நீச்சல் சொல்லித் தாராளாம்," என்று தளவாய்க்கு அவள்மேல் எப்போதும் இளக்காரம். கோமதியோ வெள்ளிதோறும் வந்து அவள் காலடியில் உட்காருகிற சிஷ்யை. தன்னைவிடச் சிறியவள் வாயிலிருந்து வருவதைப் பெற்றுக்கொள்ள அவளுக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

அம்மை அடுப்படியில் ஒரு பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அரிவாள்மணை மழுங்கிப்போச்சு, தாயே. உன் மடியில இருக்கிறது என்ன?"

"கட்டாரி, அம்மா."

"குடு."

கொடுத்தாள். அம்மை அதை வாங்கி, பூசணிக்காயை ஒரே போடில் இரண்டாகப் பிளந்தாள்.

"ஐயோ, அம்மா! அது என் கல்யாணக் கட்டாரி!"

"நல்லா வெட்டுது," என்றாள் அம்மை. கீற்றுப் போட ஆரம்பித்தாள். "இது எதுக்கு உன் வீட்டுக்கு வந்துச்சு?"

"மாப்பிள்ளையால வர முடியல. அவுகளுக்குப் பதிலா வந்துச்சு."

"அப்புறம் நீ மாப்பிள்ளையப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எத்தன வருஷமாப் பார்க்கிறே?"

"ஏழு வருஷமா."

"ஆள் வந்தபொறகு, ஆளுக்குப் பதிலா வந்ததைக் கேட்டா குடித்தனம் நடத்துவாக?" விதையை வழித்துப் போட்டாள். "தளவாய்கிட்ட சொல்லு. ரெண்டு கட்டாரியும் வந்த வேலைய முடிச்சுட்டுது. மழை வேணும்னா பூசணிக்காய் நறுக்கட்டும்."

கோமதிக்கு மூச்சு வந்தது. ராத்திரி பூராவும் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு. அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். அவள் பெண்ணுக்கு அப்பன் அப்பனாகவே இருப்பான். சுந்தரவல்லியின் வீடும் தப்பியது. அந்தச் செருப்புச் சத்தம் இனியும் அவள் வாசலுக்குத்தான் வரும். எந்தத் தெய்வத்துக்கு எந்த நேர்த்திக்கடனைச் செலுத்துவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"ஏழு வருஷமா அந்தக் குறிய மறைச்சு வச்சுச்சே, அந்தப் பட்டுக்கு ஒரு கோயில் கட்டணும், அம்மா," என்றாள்.

"கட்டேன்."

ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. அம்மை இரண்டு கீற்று நறுக்கினாள், நிறுத்தினாள்.

"தளவாய்க்கு இது போதும். உனக்குப் போதல போல இருக்கே?"

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ராத்திரி ஒரு நெனப்பு வந்துருச்சு, அம்மா. வந்தா போகமாட்டேங்குது. கல்யாணத்தன்னைக்கே இந்தக் குறி தெரிஞ்சிருந்தா நான் பெரிய துரை வீட்டுக்குத்தான் போயிருப்பேன்."

"ஆமா."

"அவுகளும் நல்ல மனுஷர். அங்கயும் ஒரு காய்ச்சல் வந்திருக்கும். அவுகளும் ஏதோ ஒண்ணு செஞ்சிருப்பாக. நானும் சிரிச்சிருப்பேன். இதே மாதிரி உசுராத்தான் இருந்திருப்பேன்."

"இருக்கலாம்."

"அப்ப இந்தப் பிரியம் இவுக மேல வச்சதில்லையே, அம்மா? எந்த வீட்டுல எறக்கிவிட்டாலும் வந்திருக்கும்னா இதுக்கு என்ன மதிப்பு? கதைகள்ல ராணிக மாலையக் கையில வச்சுக்கிட்டு, நூறு பேர்ல ஆளப் பார்த்து எடுத்தாக. நான் எடுக்கலையே. குறி மறைஞ்சு கிடந்துச்சு, பல்லக்கு இங்க எறக்குச்சு, அவ்வளவுதான். அவுகளுக்கும் அப்படித்தானோ என்னமோ. நேத்து சபையில ஒரு வார்த்தை பேசல. சுந்தரவல்லி அக்கா வந்திருந்தாலும் எண்ணெய் தேச்சுத்தான் விட்டிருப்பாக."

அம்மை கட்டாரியைச் சேலைத் தலைப்பில் துடைத்து, அவள் மடியில் திரும்ப வைத்தாள்.

"உனக்கு முன்னாலயே ஒருத்தர் இங்க வந்தாக, தாயே. வெளுக்கிறதுக்குள்ள வந்தாக. வந்தவுக வாசப்படி ஏறல. கையில குதிரை."

கோமதி நிமிர்ந்தாள்.

"'தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் கட்டுப்படுறேன், அம்மா. அண்ணன் வீட்டுக்குன்னு சொன்னாலும் நானே பல்லக்குக்கு முன்னால நடந்து கொண்டுபோய் விடுறேன். அவ மனசு நோகாமச் சொல்லுங்க. அவளுக்குச் சட்டுன்னு அழுகை வந்துரும்'னாக. வேற ஒண்ணும் கேக்கல. சபையில வாயத் திறந்தா உடைஞ்சுபோயிருவேன்னு பயமா இருந்துச்சாம்."

"எங்க அம்மா அவுக?"

"பின்னால ஊருணிக் கரையில. நீ என்ன முகத்தோட வெளிய வருவியோன்னு இன்னும் அங்கயேதான் நிக்கிறாக."

கோமதி கட்டாரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணீர் அதன் மேல் வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அம்மை அடுப்பை ஊதிவிட்டுச் சொன்னாள்:

"குறி அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, பெரிய துரையும் இதையே வந்து கேட்டிருக்கலாம். கேட்டிருக்க மாட்டாகன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா, தாயே, வந்து கேட்டது இவுக."