கோட்டை ஆட்டத்துக்குப் போட்ட பூட்டு

செண்பகமாறன் மகாராஜா பாதி நாள் நாட்டை ஆண்டார், பாதி நாள் ஆட்டம் ஆடினார். ஆடிச் சலித்துப்போய்த் தாமே புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். கோட்டை ஆட்டம் என்று பேர். அரண்மனைத் தச்சர்கள் பலகையும் காய்களும் செய்து விற்றார்கள். ஊரே பைத்தியமாய் அலைந்தது. அடுத்த மாதமே சந்தையில் கள்ளப் பலகைகள் வந்துவிட்டன.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! மந்திரி ஆபத்சகாயர் ஒரு வழி சொன்னார். பலகையைப் பெட்டிபோல மடித்துப் பூட்டி விற்பது. சாவி அரண்மனை வாசல் காவலனிடம் இருக்கும். ஆட ஆசைப்பட்டால் பெட்டியைத் தூக்கி வந்து, வாங்கியபோது கொடுத்த முத்திரை ஓலையைக் காட்டித் திறந்துகொள்ள வேண்டும். ஆடி முடித்ததும் பூட்டிவிட வேண்டும். மறுநாள் ஆட வேண்டுமா? மறுபடி வர வேண்டும். பூட்டை உடைத்தாலும் சரி, கள்ளப் பலகையில் ஆடினாலும் சரி, நாடு கடத்தல்.

"அபாரம்!" என்றார் ராஜா.

முதலில் மாட்டியவள் வெற்றிலை விற்கும் அரும்பாயி. அவளைச் சபையில் நிறுத்தியதும் அரசவைப் புலவன் மாசிலாமணி அவளை அடையாளம் கண்டுகொண்டான். அவள் புருஷன் பனைமரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடப்பது அவனுக்குத் தெரியும்.

"பூட்டை ஏனம்மா உடைத்தாய்?" என்றார் ராஜா.

"படுத்துக் கிடக்கிற மனுஷனுக்குப் பொழுது போகட்டும்னு காசு கொடுத்து வாங்கினேன் சாமி. முதல் நாள் வந்தா, காவக்காரரு சாப்பிடப் போறேன், நாளைக்கு வான்னுட்டாரு. மறுநாள் வந்து ஓலையைக் காட்டினேன். 'நேத்து பச்சைச் சேலை, இன்னைக்குச் சிவப்பு. நீதான் அவள்னு எப்படி நம்புறது?'ன்னாரு. வீட்டுக்குப் போயி அம்மிக்குழவியால ஒரே போடு!"

சபை சிரித்தது. மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. "சட்டம் சட்டம்தான். இன்றே இவளை எல்லை தாண்டி விட வேண்டும்."

"அந்த மனுஷனை யாரு சாமி பார்த்துக்குவா?" அரும்பாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மாசிலாமணி எழுந்தான். "மகாராஜா, தீர்ப்புக்கு முன்னால் என்னோடு ஓர் ஆட்டம். நான் தோற்றால் என்னையும் இவளோடு துரத்திவிடுங்கள்."

ஆட்டம் என்றால் ராஜா விடுவாரா? "எடுத்து வா என் பலகையை!"

வந்தது. தச்சர்கள் அன்று காலைதான் அதையும் பெட்டியாக மாற்றியிருந்தார்கள். பூட்டியிருந்தது. காவலனைக் கூப்பிட்டார்கள்.

"ஓலை, மகாராஜா?"

"என்ன ஓலை?"

"வாங்கியதற்கான முத்திரை ஓலை."

"நான் ஏனடா வாங்க வேண்டும்? கண்டுபிடித்ததே நான்!"

"அப்படியானால் வாங்கவில்லை." காவலன் சாவியை மடியில் செருகிக்கொண்டான். "வாங்காதவர் யாராயிருந்தாலும் திறக்கக் கூடாதென்று மந்திரியாரின் கட்டளை."

ராஜாவின் முகம் சிவந்தது. மாசிலாமணி சாவகாசமாகத் தன் துணிமூட்டையை அவிழ்த்து ஒரு பலகையை விரித்தான். "இதற்குப் பூட்டே கிடையாது, மகாராஜா. உட்காருங்கள்."

ராஜா உட்கார்ந்தார். நாலு காய் நகர்த்தினார், கோபம் போயிற்று. ஏழாவது காயில் மாசிலாமணியின் கோட்டை ஆட்டம் கண்டது. ராஜாவுக்கு ஒரே குஷி.

மந்திரி எட்டிப் பார்த்தார். "ஐயையோ! முத்திரையே இல்லையே! இது கள்ளப் பலகை! இதில் ஆடுகிறவன் திரு..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ராஜாவின் கை காயோடு அந்தரத்தில் நின்றது.

"முழுசாகச் சொல்லுங்கள், மந்திரியாரே," என்றான் மாசிலாமணி. "நாடு கடத்த வேண்டுமே. எந்த எல்லை வழியாக?"

ராஜா கிரீடம் சரிய விழுந்து விழுந்து சிரித்தார். "அவளை விடுங்கள்! எல்லாப் பூட்டையும் கழற்றுங்கள்! என் பலகையையும் அவளுக்கே கொடுங்கள்!" அரும்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். மாசிலாமணிக்கு ராஜாவின் மோதிரம் கிடைத்தது.

மந்திரிக்கு மட்டும் ஆறவில்லை. "பூட்டைக் கழற்றிவிட்டால் திருடர்களை எப்படித் தடுப்பது?" என்று முணுமுணுத்தார்.

மாசிலாமணி வாயைப் பிளந்தான். "அடடே! அது திருடர்களுக்குப் போட்ட பூட்டா? வாங்கினவர்கள் ஆடிவிடக் கூடாதென்று போட்டதாக அல்லவா இத்தனை நாளும் நினைத்தேன்!"