மடத்துக் குக்கரின் ரப்பர் வளையம்

நெருப்பை ஒரு கையில் ஏந்தியும் வெம்மை அறியாதவன். தன் மேனியில் ஒரு பாதியை அம்மைக்கு ஈந்தும் குறைவு அறியாதவன். அவன் திருவடியைத் தலைமேற்கொண்டு இதைச் சொல்கிறேன்.

"அம்மா, இன்றே எனக்குக் காவி தந்தருள வேண்டும்."

கேட்டவர் செங்கோடன். முன்னாளில் டயர் ரீட்ரெடிங் பட்டறையில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி வேகவைத்தவர். மனைவி இறந்தபின் கரட்டுக் குன்றின்மேல் இருந்த மடத்துக்கு வந்தார். அன்னதானச் சமையல் அவர் பொறுப்பு.

கேட்கப்பட்டவர் தவமணி அம்மை. மடத்தின் தலைவி, சீடரைவிட வயதில் இளையவர்.

"இன்றே எதற்கு?"

"என் மனம் இப்போது எதற்கும் அசைவதில்லை. மனைவியின் முகத்தை நினைத்தாலும் உள்ளே ஒன்றும் நேர்வதில்லை. பக்குவம் வந்துவிட்டது என்று எண்ணுகிறேன்."

"அப்படியானால் நிம்மதிதானே?"

"இல்லை அம்மா. ஆளொழிந்த சத்திரத்தில் தனியே படுத்திருப்பதுபோல் இருக்கிறது."



வாயிலிலிருந்து ஒரு குரல் வந்தது. செங்கோடனின் தங்கை பாவாயி.

"ஏனுங்ணா! சாமியாராப் போறவங்களுக்குக் காதும் போயிருமுங்களா? உங்க மருமவளுக்குக் கல்யாணமுங்கோ! நெத்திப் பட்டம் தாய்மாமன்தானே கட்டோணும்? உங்களுக்குப் பதிலா வேப்பமரத்தையா கூட்டிட்டுப் போறது?"

செங்கோடன் திரும்பிப் பார்க்கவில்லை.

"காவி உடுத்தவர் மணவறை ஏறுவதில்லை. அதனால்தான் இன்றே கேட்கிறேன், அம்மா. அதன்பின் அவள் அழைக்கமாட்டாள்."

"அது இருக்கட்டும். பந்திக்கு நேரமாகிறது. சோறு வேகவில்லை என்கிறார்கள். முதலில் குக்கரைப் பாருங்கள்."

அடுக்களையில் பெரிய குக்கரின் மூடியைச் சுற்றி ஆவி சீறிக்கொண்டிருந்தது. அம்மை உடன் வர, செங்கோடன் போய் அடுப்பை அணைத்தார். ஆவி அடங்கியபின் திருகுகளைத் தளர்த்தி மூடியைத் தூக்கி, அதன் ரப்பர் கேஸ்கட்டை உருவினார். வளைத்துப் பார்த்தார்.

வெடிப்பு விட்டது.

"இனி இது ஆகாது."

"கல்லைப்போல் உறுதியாக இருக்கிறதே?"

"எங்கள் பட்டறையில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், அம்மா. அழுத்தினால் அமுங்க வேண்டும். விட்டால் எழ வேண்டும். ரப்பருக்கு அதுதான் உறுதி. மூடிக்கு இணங்கி அமுங்குவதால்தான் ஆவி உள்ளே நிற்கிறது. இதைப் பாருங்கள். உருண்டையாக இருந்த விளிம்பு, அமுங்கிய இடத்திலேயே பட்டையாக நின்றுவிட்டது."

"சூடு பட்டதனாலா?"

"சூடு பகையல்ல. பச்சை ரப்பர் சூட்டில்தான் பக்குவமாகிறது. பக்குவமான பின்னும் ஓயாமல் வெந்துகொண்டிருந்தால்தான் கேடு. சில ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். சில இப்படி இறுகி வெடிக்கும்."

"ஓயாமல் வெந்ததா? நாம் ஒருவேளைதானே சமைக்கிறோம்?"

செங்கோடன் தயங்கினார்.

"சமைத்து முடித்ததும் கழற்றிக் கழுவி, காற்றாட வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. பல்லி விழுந்துவிடுமோ என்று அஞ்சி, சூடு தணியுமுன்னே வெறும் குக்கரையும் மூடித் திருகிவிடுவேன். நாள் முழுதும் அப்படியே கிடக்கும்."

"பல்லி விழுந்ததா?"

"விழவில்லை."

"ஆம். சோறும் வேகவில்லை."

அம்மை அகப்பையை எடுத்து, அரைவேக்காட்டு அரிசியைத் திறந்த அண்டாவுக்கு மாற்றத் தொடங்கினார். முகம் திருப்பாமலே கேட்டார்:

"எண்ணெய் தடவிப் பார்க்கலாமா?"

"ஊதிப்போகும். இறுகிய ரப்பர் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, அம்மா."

சொன்னவர் சொன்ன இடத்திலேயே நின்றார்.

அண்டாவின் அடியில் விறகு பற்றிக்கொண்டது. வாயிலில் குரல் ஓய்ந்திருந்தது. அந்த ஓய்வு அவருக்குக் கேட்டது.

"அம்மா."

"சொல்லுங்கள்."

"நானும் திரும்ப முடியாதபடி வெந்துவிட்டேனா?"

அகப்பை நின்றது.

"உங்கள் கையிலிருக்கும் அந்த வளையம் ஒருநாளாவது உங்களிடம் இப்படிக் கேட்டதுண்டா?"

செங்கோடன் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார். பிறகு கேஸ்கட்டை அங்கேயே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து வெளியே நடந்தார்.

பாவாயி படியிறங்கிப் பாதி வழி போயிருந்தாள்.

"கண்ணு!"

அவள் திரும்பினாள். கோபம் இன்னும் தணியவில்லை.

"என்னுங்க சாமி?"

அவருக்கு வலித்தது. நெஞ்சு வலித்தது.

"புள்ள இப்ப எவ்வளவு ஒசரம் இருக்கறா?"

பாவாயி ஏறிவந்து, அண்ணனின் கையைப் பிடித்து, அவருடைய தோளுக்குச் சற்று மேலே உயர்த்திக் காட்டினாள்.

இதைக் கேட்டவர் எவராயினும், அவரை அழைக்கும் குரல் ஒன்று உலகில் ஓயாதிருப்பதாக. அதற்குத் திரும்பும் முகத்தை ஈசன் அவருக்கு அருள்வானாக.