படகு விலகும்வரை

வங்கக் கடலோரத்து ஏவுதளம் ஒன்றில், கப்பல்களைத் தாக்கும் ஏவுகணையை உருவாக்கும் குழுவுக்குத் தலைவர் ஹெப்சிபா. அவரிடம் படித்து, அவர் கீழேயே வேலைக்குச் சேர்ந்து, இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தவர் பூவராகன். ஏவுகணையின் மூக்கிலிருந்து கடலைத் துழாவி இலக்கைக் கண்டுபிடிக்கும் ரேடார் அவர் செய்தது. அதன்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை லேசில் அசையாது.

அன்று வெளிநாட்டுக் கடற்படைத் தளபதி ஒருவர் வந்திருந்தார். சோதனை பிடித்துவிட்டால் வாங்குவார். அந்தக் குழு செய்த எதுவும் அதுவரை நாடு தாண்டியதில்லை.

நடுக்கடலில் இலக்காக ஒரு பழைய கப்பலை நிறுத்தியிருந்தார்கள். பூவராகனின் கை பொத்தான்மேல் இருந்தது. அந்த நேரத்தில் திரையின் ஓரத்தில் புள்ளி ஒன்று தெரிந்தது. மீன்பிடிப் படகு.

“நிறுத்து” என்றார் ஹெப்சிபா.

பூவராகன் கையை எடுத்தார். முகம் சிவந்துவிட்டது.

“மேடம், நம்ம ரேடாருக்குக் கப்பல் எது, படகு எதுன்னு தெரியும். அந்தப் படகைத் தொடவே தொடாது.”

“நிச்சயமா?”

“நான் போய் அந்தப் படகுல உட்கார்றேன். நீங்க ஏவுங்க.”

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை என்பது ஹெப்சிபாவுக்குத் தெரியும்.

“நீ உட்காருவே. உனக்கு ரேடாரைத் தெரியும். படகுல இருக்கறவங்களைக் கேட்டியா?”

ஹெப்சிபா ரோந்துப் படகை அனுப்பச் சொன்னார்.

ரோந்துப் படகு கிளம்பிப் போனது. மீன்பிடிப் படகின் எஞ்சின் பழுதாகி, ஆட்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டி இழுத்துவர வேண்டியிருந்தது. காற்று வலுத்தது. தளபதி கடிகாரத்தைப் பார்த்தார். மாலை விமானத்தில் அவர் ஊர் திரும்ப வேண்டும். பூவராகன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருட உழைப்பும் ஒரு ஓட்டைப் படகால் போகப்போகிறது என்று மனம் கொதித்தது.

மத்தியானத்துக்குமேல் கடல் காலியானது.

“இப்ப ஏவு” என்றார் ஹெப்சிபா.

ஏவுகணை அலைகளை உரசுவதுபோலத் தாழப் பறந்து, பழைய கப்பலின் வயிற்றைப் பிளந்தது. அறையே எழுந்து நின்று கைதட்டியது. தளபதி ஹெப்சிபாவின் கையைக் குலுக்கினார்.

“வாங்கிக்கொள்கிறோம்.”

எல்லோரும் வெளியே போனபிறகும் பூவராகன் எழவில்லை. கைதட்டல் அடங்கியதும் அவருக்குள் ஏதோ உறுத்தியது.

“மேடம், இங்கே நீங்க நிறுத்தினீங்க. இது அவங்க நாட்டுக்குப் போனப்புறம் யாரு நிறுத்துவாங்க?”

ஹெப்சிபா வாசலில் நின்றிருந்த தளபதியைக் கூப்பிட்டார்.

“உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தர எங்களில் ஒருவர் வருவார். அவர் போதும் என்று சொல்லும்வரை ஏவுகணையைக் கப்பலில் ஏற்றக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம். யார் வருகிறார்?”

ஹெப்சிபா பூவராகனைக் காட்டினார். தளபதி தலையசைத்துவிட்டுப் போனார்.

“நானா? ரேடாரைச் சொல்லிக்கொடுக்க என் ஆளுங்க யாரா இருந்தாலும் போதுமே, மேடம்!”

“ரேடாரை அவங்க சொல்லிக்கொடுக்கட்டும். அதுமேல அவ்வளவு நம்பிக்கை இருந்தும், என்மேல அவ்வளவு கோபம் இருந்தும், பொத்தான்லேர்ந்து கையை எடுத்தியே. நீ அதைச் சொல்லிக்கொடு.”